மதர்போர்டும் பிராசசரும் மாற்றலாமா? நாற்பதாண்டு விடைகளின் மறுபரிசீலனை

மேசைக் கணினி மெதுவாகிவிட்டது. கேபினட், எஸ்எம்பிஎஸ், டிஸ்க் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. மதர்போர்டையும் பிராசசரையும் மட்டும் மாற்றினால் போதுமா, முழுக் கணினியையே புதிதாக வாங்க வேண்டுமா, அல்லது இரண்டுமே வேண்டாமா? தனிநபர் கணினியின் வயதுதான் இந்தக் கேள்விக்கும் வயது. ஐபிஎம் 1981 ஆகஸ்டில் வெளியிட்ட பிசியில் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய இன்டெல் 8088 பிராசசர் இருந்தது. சில ஆண்டுகளில் என்இசி நிறுவனத்தின் வி20 வந்தது. பழையதைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் இதைச் செருகினால் வேகம் ஓரளவு கூடியது. போர்டைத் தொடாமல் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் ஆசை அங்கேயே தொடங்கிவிட்டது.

அதன்பிறகு கிடைத்த விடைகளை நான்கு தரப்புகளாகப் பார்க்கலாம். நீண்ட ஆயுள் உள்ள சாக்கெட்டை முதலிலேயே தேர்ந்தெடுத்து, பின்னர் பிராசசரை மட்டும் மாற்று என்பது ஒன்று. இரண்டையும் ஜோடியாக மாற்றுவதே சிக்கனம் என்பது இன்னொன்று. வேகத் தடை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது, இவற்றைத் தொடாதே என்பது மூன்றாவது. முழுக் கணினியாக வாங்குவதே நிம்மதி என்பது நான்காவது. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சரியாக இருந்த விடைதான். ஆனால் நான்கும் பெரும்பாலும் பிராசசரின் வேகத்தையே அளக்கின்றன. மாற்றிய பிறகு கேபினட்டுக்குள் எது மிஞ்சி நிற்கிறது, மிஞ்சியது பயன்படுமா என்ற கணக்கு ஓரத்தில் விடப்படுகிறது. இந்தக் கட்டுரையின் அக்கறை அந்தக் கணக்கின் மேல்தான்.

ஜோடி எப்படி மூவர் ஆனது

பிராசசரை மாற்றினால் போர்டையும் மாற்ற வேண்டியிருப்பதற்குச் சாக்கெட்டின் வடிவம் ஒரு காரணம்தான். பிராசசருக்குத் தேவையான மின்னழுத்தத்தைக் கொடுக்கும் சுற்று, சிப்செட், பயாஸ் ஆகிய மூன்றும் போர்டின் பக்கம் இருக்கின்றன. மூன்றில் எது ஒத்துழைக்காவிட்டாலும், சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும் பிராசசர்கூட உயிர் பெறாது. 2004இல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட் இதற்கு நல்ல சாட்சி. பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை எல்லாம் அந்த ஒரே சாக்கெட்டில்தான் அமர்ந்தன. ஆனாலும் 915 சிப்செட் போர்டு வைத்திருந்தவர்களால் கோர் 2 பிராசசரைப் பயன்படுத்த முடியவில்லை.

இன்னொரு மாற்றம் ஓசையில்லாமல் நடந்தது, அதன் விளைவு பெரியது. ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி முன்பு போர்டின் சிப்செட்டில் இருந்தது. ஏஎம்டி 2003இல் அத்லான் 64 வரிசையிலும், இன்டெல் 2008இல் நெஹாலம் வரிசையிலும் அதைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தன. வேகத்துக்கு அது நல்லது. ஆனால் எந்த வகை ராம் பொருந்தும் என்பதை அன்றிலிருந்து பிராசசரும் சேர்ந்து தீர்மானிக்கத் தொடங்கியது. டிடிஆர்3இலிருந்து 4, பிறகு 5 என்று தலைமுறை மாறும்போதெல்லாம் ஸ்லாட்டின் வெட்டு இடம் மாறுகிறது, மின்னழுத்தமும் மாறுகிறது. பழைய ராமைப் புதிய ஸ்லாட்டில் செருகவே முடியாது. போர்டும் பிராசசரும் என்ற ஜோடி இப்படித்தான் போர்டு, பிராசசர், ராம் என்ற மூவராக ஆனது.

சாக்கெட்டின் ஆயுளை நம்பியவர்கள்

பிராசசரை மட்டும் மாற்றலாம் என்ற வாக்குறுதியை இன்டெல் 1992இல் ஓவர்டிரைவ் என்ற பெயரில் ஒரு விற்பனைப் பொருளாகவே கொண்டுவந்தது. 486 கணினி வைத்திருப்பவர் போர்டை மாற்றாமல் மேலே போகலாம் என்பது அதன் செய்தி. 1995இல் 486 போர்டுகளுக்கென்றே பென்டியம் ஓவர்டிரைவும் வந்தது. அசல் பென்டியத்தின் தரவுப் பாதை 64 பிட், 486 போர்டின் பாதையோ 32 பிட். பிராசசர் புதியது, அதற்குத் தரவு வந்து சேரும் வழி பழையது. வாக்குறுதியின் எல்லை அந்த வழியில்தான் இருந்தது. தசாப்தம் முடிவதற்குள் ஓவர்டிரைவ் வரிசை மறைந்துவிட்டது.

அதே தசாப்தத்தின் சாக்கெட் 7 வேறு கதை. இன்டெல் பென்டியம், ஏஎம்டி கே5, கே6, சைரிக்ஸ் 6எக்ஸ்86 என்று போட்டி நிறுவனங்களின் பிராசசர்கள் ஒரே போர்டு வகையில் அமர்ந்த காலம் அது. 1997இல் பென்டியம் 2 ஸ்லாட் 1 என்ற புதிய இணைப்போடு வந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமை போட்டியாளர்களிடம் இல்லை. ஏஎம்டி 1999இல் அத்லானுக்காகத் தனக்கென ஸ்லாட் ஏ வைத்துக்கொண்டது. அதன்பிறகு இரு நிறுவனங்களின் பிராசசர்களும் மேசைக் கணினியில் பொதுச் சாக்கெட்டைப் பகிரவே இல்லை. போர்டு வாங்கும்போதே பிராசசர் நிறுவனத்தையும் முடிவு செய்துவிடும் நிலை அங்கிருந்து வந்தது.

2009 முதல் இன்டெல் சாக்கெட்டுகளின் ஆயுள் பொதுவாக இரண்டு தலைமுறை என்றானது: 1156, 1155, 1150, 1151, 1200. விமர்சகர்கள் இதைத் திட்டமிட்ட பழசாக்கல் என்றார்கள். மின்வழங்கல் தேவை மாறுகிறது என்றது நிறுவனத் தரப்பு. இரண்டு வாதங்களும் நேருக்கு நேர் மோதியது 2017இல். எட்டாம் தலைமுறைப் பிராசசர்களும் 1151 சாக்கெட்டில்தான் வந்தன, ஆனால் முந்தைய 100, 200 வரிசைப் போர்டுகளில் ஓடாது என்று அறிவிக்கப்பட்டது. நான்கு கோர்கள் ஆறாகின்றன, மின்சாரத்துக்கு அதிக ஊசிகள் வேண்டும் என்ற விளக்கம் தரப்பட்டது. ஆனால் ஆர்வலர்கள் சிலர் பயாஸைத் திருத்தி அந்தப் பிராசசர்களைப் பழைய போர்டுகளிலேயே ஓட்டிக் காட்டினார்கள். எல்லாப் போர்டிலும் அது நெடுநாள் பாதுகாப்பாக ஓடும் என்பதற்கு இது சான்றாகாது. ஆனால் தடை முழுக்க முழுக்க இயற்பியல் சார்ந்தது என்ற விளக்கத்தை இதற்குப் பிறகு ஏற்பது கடினம்.

நீண்ட ஆயுளுக்கான சான்று ஏஎம்டியின் ஏஎம்4. 2017 மார்ச்சில் ரைசனோடு பரவலான இந்தச் சாக்கெட்டில் 2022 ஏப்ரலில்கூட 5800எக்ஸ்3டி என்ற பிராசசர் வந்தது, அன்றைய கேம்களில் மிக வேகமானவற்றில் ஒன்றாகவும் இருந்தது. ஐந்தாண்டு பழைய போர்டில் அத்தகைய பிராசசர் ஓடுவது மேசைக் கணினி வரலாற்றில் அபூர்வம். ஆனால் அந்த நீண்ட ஆயுளும் தானாக வந்துவிடவில்லை. புதிய ரைசன் 5000 வரிசை 400 வரிசைச் சிப்செட் போர்டுகளில் ஓடாது என்று 2020 மே மாதத்தில் ஏஎம்டி அறிவித்தது. பயாஸ் சிப்பின் கொள்ளளவு போதாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பயனாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதத்தில் முடிவு மாறியது. 300 வரிசைப் போர்டுகளுக்கு 2022இல்தான் வழி திறந்தது.

ஆக, முதல் தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது. அதன் பலவீனம், வாங்கும் நாளில் சாக்கெட்டின் ஆயுள் யாருக்கும் தெரியாது என்பது. வாங்குபவரின் கையில் இருப்பது நிறுவனத்தின் வாய்வார்த்தை மட்டுமே.

காம்போ மரபும் அதன் கண்ணிகளும்

போர்டும் பிராசசரும், சில சமயம் ராமும் சேர்ந்த தொகுப்பைக் காம்போ என்று விற்பது இந்தியச் சந்தையின் நெடுநாள் வழக்கம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்பி ரோடு, தில்லி நேரு பிளேஸ் போன்ற இடங்களில் வளர்ந்த அசெம்பிளிங் பண்பாடு இந்த இரண்டாம் தரப்பின் தாய்வீடு. அதற்கு அடித்தளம் போட்டது இன்டெல் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தரம். போர்டின் திருகுத் துளைகள், பின்பக்க இணைப்புகளின் இடம், எஸ்எம்பிஎஸ் இணைப்பு எல்லாம் ஒரே அளவில் நிலைத்தன. முப்பதாண்டு பழைய ஏடிஎக்ஸ் கேபினட்டில் இன்றைய போர்டைத் திருகிவிடலாம். கணினித் துறையில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த பொதுத் தரங்கள் மிகக் குறைவு. அதற்குரிய பாராட்டு அதற்குக் கிடைக்கவில்லை.

உள்ளே உட்காருவது வேறு, ஒழுங்காக ஓடுவது வேறு. எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்ப்போம். முக்கிய இணைப்பு முதலில் 20 ஊசி. பென்டியம் 4 வந்தபோது பிராசசருக்கென்றே தனியாக 12 வோல்ட் நான்கு ஊசி இணைப்பு சேர்ந்தது. பின்னர் முக்கிய இணைப்பு 24 ஆனது, பிராசசர் இணைப்பு எட்டானது. சுமை படிப்படியாக 5 வோல்ட் தடத்திலிருந்து 12 வோல்ட் தடத்துக்கு நகர்ந்ததே இதன் பொருள். லேபிளில் 450 வாட் என்று போட்டிருந்தாலும், பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் தடம் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்க்காமல் புதிய போர்டோடு இணைப்பது ஆபத்து.

பிராண்டட் கணினிகளில் இந்த மரபே செல்லாது. பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் போர்டின் வடிவம், எஸ்எம்பிஎஸ் இணைப்பு, முன்பக்க சுவிட்ச் ஒயர் எல்லாம் சொந்த அளவு. போர்டு போனால் அதே மாடல் போர்டுதான் வேண்டும். ஏஎம்டியின் ஒரு பாதுகாப்பு வசதியைச் சில நிறுவனங்கள் இயக்கிவிடும்போது, பிராசசரே அந்த நிறுவனத்தின் போர்டுகளோடு நிரந்தரமாகப் பிணைக்கப்படுகிறது. கழற்றி வேறு நிறுவனப் போர்டில் போட்டால் அது ஓடாது. பழைய பாகம் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

கைவேலையின் அபாயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 மெல்லிய ஊசிக்கால்கள் உண்டு. சாக்கெட்டின் நெம்புகோல் அவற்றைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும், மேலே மூடிப் பிடிக்கும் சட்டம் கிடையாது. பல வருடம் ஓடிய கணினியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசைபோல் இறுகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், கால்கள் வளையும். கழற்றுவதற்கு முன் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட்டைச் சூடாக்கிவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி தளர்ந்த பிறகே தூக்க வேண்டும். இன்டெல் போர்டுகளில், 2022இல் வந்த ஏஎம்5இலும், ஊசிகள் போர்டின் பக்கம் இருக்கின்றன. அங்கே தவறினால் இழப்பு போர்டுக்கு. கேபினட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ் ஒன்று துளையில்லாத இடத்தில் நின்றுவிட்டால் போர்டின் அடிப்பக்கம் ஷார்ட் ஆகும். கவனமாக இருந்தால் இவை எல்லாமே தவிர்க்கக் கூடியவை.

காம்போ சந்தையின் ஒரு தனி அம்சம், பழைய பிராசசருக்குப் புதிய போர்டு. எச்61 சிப்செட் 2011இல் வந்தது. அதை வைத்துத் தயாரித்த போர்டுகள் அதற்கு வெகுகாலம் பிறகும் இந்தியக் கடைகளில் பெட்டி பிரிக்காத சரக்காகக் கிடைக்கின்றன. போர்டு மட்டும் பழுதாகி, பிராசசரும் டிடிஆர்3 ராமும் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அது நியாயமான வழி. புதிதாகக் கணினி அமைப்பவருக்கு அதையே மலிவு என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

தொடாதே என்னும் வாதம்

மூன்றாம் தரப்புக்கு வேர் 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதத்தில் இருக்கிறது. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் வேகமாக்கினால், மொத்த வேலையில் அந்தப் பகுதிக்கு உள்ள பங்கின் அளவுக்கே பலன் கிடைக்கும். காத்திருக்கும் 100 வினாடியில் பிராசசரின் பங்கு 40 என்று வைத்துக்கொள்வோம். இருமடங்கு வேகப் பிராசசர் போட்டால் அந்த 40 இருபதாகும், மொத்தம் 80. எல்லையில்லா வேகப் பிராசசர் போட்டாலும் 60க்குக் கீழே வராது. மீதியெல்லாம் டிஸ்க்கும் ராமும் இணையமும். சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதும் பழைய கணினிகள் புத்துயிர் பெற்றதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தரப்புக்கு வலு சேர்த்தது வேகவளர்ச்சியின் தேக்கம். 1993இல் பென்டியம் 66 மெகாஹெர்ட்ஸ். 2000இல் பென்டியம் 3 ஒரு கிகாஹெர்ட்ஸை எட்டியது. ஏழாண்டில் ஏறக்குறைய 15 மடங்கு. அந்தக் காலத்தில் மூன்றாண்டு பழைய கணினியைப் பாதுகாப்பதில் அர்த்தமே இல்லை. பிறகு 2004இல் பென்டியம் 4 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றது. டிரான்சிஸ்டர் சிறுக்கும்போது வெப்பமும் அதே விகிதத்தில் குறையும் என்று ராபர்ட் டென்னார்ட் குழு 1974இல் காட்டிய உறவு அந்தக் கட்டத்தில் முறிந்தது. ஆறு கிகாஹெர்ட்ஸைத் தொட மேலும் 18 ஆண்டுகள் ஆயின. கோர்களின் எண்ணிக்கையும் ஒவ்வொரு சுழற்சியிலும் முடிக்கும் வேலையும் கூடியது உண்மை. ஆனால் கடிதம் அடிப்பவருக்கும் வங்கிக் கணக்கு பார்ப்பவருக்கும் அந்தக் கூடுதல் அவ்வளவாகத் தெரிவதில்லை.

வீடியோ எடிட்டிங், பெரிய மென்பொருள் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை போன்ற வேலைகளில் நிலைமை தலைகீழ். காத்திருப்பில் பிராசசரின் பங்கு 90ஆக இருந்தால் அம்டால் விதியே மாற்றச் சொல்லும். ஆகவே தொடாதே என்பதைப் பொது விதியாகக் கொள்ள முடியாது. வேலை நடக்கும்போது பிராசசர் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் பார்க்காமல் இதை யாரும் முடிவு செய்யக் கூடாது.

மென்பொருள் தரும் தீர்ப்பு

நான்கு தரப்புகளும் வன்பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, தீர்ப்பு மென்பொருளின் கைக்குப் போய்விட்டது. இது ஆரம்பத்தில் டிரைவர் சிக்கலாக இருந்தது. எக்ஸ்பி காலத்தில் போர்டை மாற்றிப் பழைய டிஸ்க்கை இணைத்தால், டிஸ்க் கட்டுப்படுத்திக்கு உரிய டிரைவர் இல்லாமல் நீலத்திரை வருவது சகஜம். விண்டோஸ் 10க்குப் பிறகு அது பெருமளவு குறைந்தது. லினக்ஸில் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை.

உரிமச் சிக்கல் தீரவில்லை. 2001இல் எக்ஸ்பியோடு ஆக்டிவேஷன் பரவலானது முதல், எந்தப் பாகம் மாறினால் அது வேறு கணினி என்ற கேள்விக்கு மைக்ரோசாஃப்ட் தந்த விடை மதர்போர்டு. கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் போர்டோடு கட்டப்பட்டது. பழுதுக்காக மாற்றினால் விலக்கு உண்டு, மேம்படுத்துவதற்காக மாற்றினால் இல்லை. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமத்தைப் புதிய போர்டுக்குக் கொண்டுபோகலாம். 2016 முதல் டிஜிட்டல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைக்கும் வசதியும் வந்தது. போர்டைக் கழற்றுவதற்கு முன்பே அதை இணைத்துவிட வேண்டும். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியை எழுதிவைத்துக்கொள்வது அதைவிட முக்கியம். சாவியின் ஒரு பகுதி பழைய போர்டில் அல்லது பிராசசரில் உள்ள டிபிஎம் என்னும் பாதுகாப்புப் பகுதியில் இருப்பதால், மீட்புச் சாவி இல்லாமல் தரவு திரும்பாது.

2021இல் வந்த விண்டோஸ் 11 இன்னும் ஒரு படி மேலே போனது. டிபிஎம் 2.0 வேண்டும், சாதாரண மேசைக் கணினிகளில் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இதன் விளைவை 2017இன் முதல் காலாண்டில் வாங்கப்பட்ட இரண்டு கணினிகளில் பார்க்கலாம். ஒன்றில் இன்டெல் ஐ7 7700கே, மற்றொன்றில் ரைசன் 7 1700. அன்று கேம்களில் இன்டெல்தான் முன்னால் நின்றது. இரண்டு பிராசசர்களும் இன்று விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ரைசன் வைத்திருப்பவர் பயாஸைப் புதுப்பித்து, ரைசன் 5000 பிராசசர் ஒன்றை மட்டும் வாங்கி உள்ளே போகலாம். இன்டெல் வைத்திருப்பவர் போர்டையும் பிராசசரையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரே ஓர் உதாரணத்தை வைத்து ஒரு நிறுவனத்தைப் போற்றுவது சரியல்ல. ஆனால் அன்றைய வேகச் சோதனை எதுவும் இந்த வித்தியாசத்தைச் சொல்லியிருக்காது.

குப்பைக் கணக்கு

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் 2004 ஆய்வு, 17 அங்குல மானிட்டரோடு ஒரு மேசைக் கணினியைத் தயாரிக்க 240 கிலோ புதைபடிவ எரிபொருளும் 22 கிலோ ரசாயனங்களும் 1500 கிலோ தண்ணீரும் செலவாவதாகக் கணித்தது. பாகங்களை மட்டும் மாற்றுவதே பசுமை என்போர் இன்றும் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது பிக்சர் டியூப் மானிட்டர் காலத்துக் கணக்கு, அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. தயாரிப்புச் சுமையில் சிப்களுக்கும் சர்க்யூட் போர்டுகளுக்கும் கணிசமான பங்கு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மாற்றிவிட்டுத் தகரக் கேபினட்டை மிச்சப்படுத்தினால் சூழலுக்குக் கிடைக்கும் லாபம், எடையை வைத்து நினைப்பதைவிடக் குறைவு. கழற்றிய காம்போ இன்னொருவர் மேசையில் ஓடினால்தான் கணக்கு நேராகிறது. இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் தயாரிப்பாளரின் பொறுப்பை மறுசுழற்சியோடு இணைக்கின்றன. மறுபயன்பாட்டுக்கு அந்த அளவு ஊக்கம் இல்லை.

முடிவாகாதவை

கையில் உள்ள சான்றுகளைக் கொண்டு சிலவற்றைச் சொல்லலாம். ராம், எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு புதிய போர்டுக்கு உதவும் என்றால் ஜோடியை மாற்றுவது பெரும்பாலும் லாபம். எதுவுமே உதவாது என்றால் நான்காம் தரப்பு சொல்வதுபோல் முழுக் கணினியாக, ஒரே உத்தரவாதத்தோடு வாங்குவதில் தவறில்லை. பழைய சாக்கெட்டிலேயே ஏறும் வழி இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். 2025இன் பிற்பகுதியில் ராம் விலை கடுமையாக ஏறிய பிறகு, கையில் டிடிஆர்4 வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியின் மதிப்பு கூடியிருக்கிறது. இந்த விலை நிலை எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது திறந்த கேள்வி.

அதைவிடப் பெரிய கேள்வி, மாற்றக் கூடிய போர்டும் பிராசசரும் இனியும் இருக்குமா என்பது. ஆப்பிள் 2020 முதல் தன் சொந்த சிப்புகளில் நினைவகத்தையும் பிராசசரோடு ஒரே தொகுப்பாக்கியது. பாகம் மாற்றும் லேப்டாப்புகளால் பெயர் பெற்ற ஃபிரேம்வொர்க் நிறுவனமே 2025இல் அறிவித்த மேசைக் கணினியில் ராமைப் போர்டோடு பற்றவைத்தது. அந்த வகைப் பிராசசருக்கு வேண்டிய நினைவக வேகம் ஸ்லாட்டில் கிடைக்கவில்லை என்பது காரணம். இது உண்மையான பொறியியல் காரணம், 2017இன் சாக்கெட் தகராறுபோல அல்ல. இந்தப் போக்கு எல்லா மேசைக் கணினிக்கும் பரவுமா, சில வேலைகளோடு நிற்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

கொள்கையால் வரும் தடைகளுக்காவது தீர்வு கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் குறைந்தது ஐந்தாண்டு மென்பொருள் புதுப்பிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மதர்போர்டுக்கும் இதேபோல், பயாஸ் எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படும், சாக்கெட்டில் எத்தனை தலைமுறை ஆதரிக்கப்படும் என்று பெட்டியின் மேல் அச்சிடச் சொல்வது மிகையான கோரிக்கை அல்ல. அது வரும்வரை, பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் போர்டின் பிராசசர் ஆதரவுப் பட்டியலைத் தயாரிப்பாளரின் தளத்தில் திறந்து காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். கடைசியாகப் பயாஸ் புதுப்பித்த தேதியையும் பாருங்கள்.